ஃபெலா குட்டியும் அடையாளந் தெரியாத படைவீரனும்

1977 பெப்ருவரி 18ஆம் நாள் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஒரு பாடகரின் இல்லத்தை ஏறத்தாழ ஆயிரம் இராணுவத்தினர் சூழ்ந்து தாக்கித் தீக்கிரையாக்கினர். ஒரு பாட்டுக்காரனை அடக்குதற்கு ஆயிரம் படைவீரர் வேண்டியிருந்தமை எதனால் என்பது சிந்தனைக்குரியது.

அப்பாடகர் ஃபெலா குட்டி. 1938இல் அபெயோகூட்டாவிற் பிறந்தவர். தாயார் ஃபுன்மிலாயோ, வரிக்கொடுமைக்கெதிராகப் பெண்களை அணிதிரட்டி, 1949இல் அவ்வூர் மன்னரையே அரியணையினின்றும் இறங்கச் செய்த வீராங்கனை. மருத்துவம் பயிலவென 1958இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்ட மகனோ இசைக் கல்லூரியிற் சேர்ந்தார். 1969இல் அமெரிக்கா சென்ற வேளை கறுப்பின விடுதலைச் சிந்தனை அவரை ஆட்கொண்டது. அதன் பின்னரே அவர் பாட்டில் அரசியல் புகுந்தது.

யொரூபா மரபிசை, ஹைலைஃப், ஜாஸ் ஆகியவற்றின் கலப்பில் உருவான அவரது அஃப்ரோபீட் இசையில், தாளக் கலைஞர் டோனி அலனின் பங்கு பெரிது. எனினும் ஆட்சியாளரை அஞ்சவைத்தது தாளமன்று, மொழியே. தாய்மொழியாகிய யொரூபாவோடு நில்லாது, சந்தையிலும் தெருவிலும் பல இனத்தவரும் பேசிய கொச்சை ஆங்கிலத்தில் அவர் பாடினார். கற்றோர் இழித்துரைத்த அம்மொழியே எல்லைகளைக் கடந்து சென்றது. ஏவியதைச் செய்யும் நடைப்பிணங்களாகப் படைவீரரைச் சித்திரித்த 'சொம்பி' என்னும் பாடல் 1976இல் எழுந்தது. முற்கூறிய தாக்குதல் அதன் பின்னர் நிகழ்ந்ததே.

அன்று முதிய தாயார் மேன்மாடத்திலிருந்து எறியப்பட்டார். மறு ஆண்டு இறந்தார். விசாரணைக் குழுவோ, தீயிட்டவன் 'அடையாளந் தெரியாத படைவீரன்' என்று கூறிக் கைகழுவியது. ஆயிரவருள் ஒருவனுக்கேனும் பெயர் இல்லாமற் போயிற்றாம்! ஃபெலா அச்சொற்றொடரையே ஒரு பாடலின் தலைப்பாக்கினார். சவப்பெட்டியொன்றைச் சுமந்து சென்று ஆட்சித் தலைவரின் படைமுகாம் வாயிலிலே வைத்தார்.

அவரைக் குறையற்றவராகப் போற்றுதல் நேர்மையாகாது. பெண்ணுரிமைக்குப் போராடிய தாயின் மகன், பெண்கள் ஆடவர்க்கு அடங்கியிருத்தல் வேண்டுமெனப் பாடினார். 1978இல் ஒரே நாளில் இருபத்தேழு பெண்களை மணந்தார். இம்முரண்பாட்டை அவரது அபிமானிகள் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

1984இல் நாணயக் கடத்தற் குற்றச்சாட்டின் பேரில் மீண்டும் சிறைப்பட்டு, இருபது மாதங்களின் பின் விடுதலையானார். 1997 ஓகஸ்ட் 2இல் மறைந்தார். எயிட்ஸ் நோயே காரணமென, முன்னாட் சுகாதார அமைச்சராகிய அவர் தமையனார் வெளிப்படையாக அறிவித்தார். இறுதி ஊர்வலத்திற் பத்து இலட்சம் மக்கள் திரண்டனர் என்பர்.