மட்டுக்குறியும் மணிக்கூண்டு நிழலும்

மூலம்

|ச − 5.4| < 1

பதவுரை

ச: நண்பகலில் சூரியன் எந்த அட்சரேகைக்கு நேர் உச்சியில் நிற்கிறதோ, அந்தப் பாகை. ஆண்டுக்குள் வடக்கே 23.4 வரை ஏறும், தெற்கே −23.4 வரை இறங்கும்.

5.4: பினாங்கிலுள்ள ஜார்ஜ்டவுன் நகரின் வட அட்சரேகை.

ச − 5.4: பினாங்கின் உச்சியிலிருந்து சூரியன் விலகி நிற்கும் அளவு. வடக்கே விலகினால் மிகை எண், தெற்கே விலகினால் குறை எண்.

| |: மட்டுக்குறி. ஜெர்மன் கணித அறிஞர் வயர்ஸ்ட்ராஸ் 1841இல் கையாண்டது. திசையை விட்டுவிட்டுத் தொலைவை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

< 1: அந்தத் தொலைவு ஒரு பாகைக்குள் அடங்க வேண்டும்.

பொழிப்பு

பினாங்கில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து ஒரு பாகைகூட விலகாதிருக்கும் நாள்கள் எவை?

விளக்கம்

தொலைவு ஒன்றுக்குள் என்றால், 5.4க்கு இருபுறமும் ஒவ்வொரு பாகை இடமுண்டு. ஆகவே −1 < ச − 5.4 < 1. மூன்று பக்கமும் 5.4ஐக் கூட்டினால் 4.4 < ச < 6.4. நாள்காட்டியில் இது இருமுறை வரும்: சூரியன் வடக்கே ஏறும்போது ஏப்ரல் முதல் வாரம், திரும்பும்போது, ஏறத்தாழ செப்டம்பர் 6 முதல் 11 வரை.

ஜார்ஜ்டவுனில் கார்ன்வாலிஸ் கோட்டையருகே விக்டோரியா மகாராணி நினைவு மணிக்கூண்டு இருக்கிறது. உயரம் 60 அடி. அந்நாள்களின் நண்பகலில் அதன் உச்சியின் நிழல் ஏறத்தாழ ஓரடிக்குமேல் நகராது. கட்டடத்தின் அகலத்துக்குள்ளேயே விழுந்துவிடும். பார்க்கப் போகிறவர் 12 மணிக்குப் போய்ப் பயனில்லை. 1982 முதல் மலேசியக் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.20 அளவில்.

5.4ஐ எடுத்துவிட்டு 13.1ஐ வைத்தால் அது சென்னைக்குரிய கணக்கு. நாள்கள் ஏப்ரல் கடைசிக்கும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்கும் மாறும். உள்ளிருக்கும் எண் இடத்தையும் வெளியிலிருக்கும் எண் அகலத்தையும் தீர்மானிக்கின்றன.

தடையும் விடையும்

‘குறியை நீக்கி ச − 5.4 < 1 என்று எழுதினால் என்ன?’ ஆறாம் படிவ மாணவர் பலர் சறுக்கும் இடம் இது. அப்படி எழுதினால் ச < 6.4 மட்டுமே கிடைக்கும்; டிசம்பரின் −23.4உம் அதற்குள் வந்துவிடும். அன்று சூரியன் 28.8 பாகை தெற்கே நிற்க, மணிக்கூண்டின் நிழல் வடக்கே 33 அடி நீண்டு கிடக்கும். குறி போனதும் ஒரு கரையும் போயிற்று.

‘< என்பது > ஆனால்?’ தொலைவு ஒன்றைத் தாண்ட வேண்டும்: ச < 4.4 அல்லது ச > 6.4. இந்த ‘அல்லது’வை விட்டுவிட்டு 6.4 < ச < 4.4 என்று ஒரே தொடராக்காதீர்கள், 6.4ஐவிடப் பெரிதாகவும் 4.4ஐவிடச் சிறிதாகவும் இருக்கும் எண் கிடையாது.

விடை எழுதியதும் ஓர் எண்ணை இட்டுச் சரிபாருங்கள். நடுவிலிருந்து ஒன்று, இரு கரைக்கும் வெளியே ஒவ்வொன்று. மூன்று எண் போதும்.