மூடிக்குள் வைத்த பொத்தான்கள்

தேர்தல் வேலை பார்த்த ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஓட்டுச்சீட்டுக் காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு சீட்டின் பின்புறமும் தலைமை அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும். முத்திரை மை மறுபக்கம் ஒட்டாதபடி மடிக்கவும் வாக்காளருக்குச் சொல்லித்தர வேண்டும். எண்ணும் இடத்தில் செல்லாத ஓட்டுத் தகராறு தனி.

1977-ல் தேர்தல் ஆணையத்தில் மின்னணு இயந்திர யோசனை எழுந்தது. ஹைதராபாத் இ.சி.ஐ.எல். நிறுவனம் 1979-ல் மாதிரி செய்தது. பிறகு பெங்களூரு பி.இ.எல். நிறுவனமும் தயாரித்தது. எழுத்தாளர் சுஜாதா என்று நாம் அறிந்த ரங்கராஜனுக்கு அங்கே இதில் முக்கியப் பங்கு உண்டு. 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதல் சோதனை. சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவைச் செல்லாததாக்க, பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் இயந்திரம்தான். அப்போது நானும் ஒரு சாவடியில் பணியில் இருந்தேன்.

அதைச் செய்தவர்கள் யாருக்காகச் செய்கிறோம் என்று யோசித்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாத பள்ளிக்கூடத்திலும் ஓட வேண்டும், ஆகவே பேட்டரி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் போட வேண்டும். ஆகவே சின்னத்துக்குப் பக்கத்திலேயே நீலப் பொத்தான். அலுவலர் ஓட்டுக்கு அனுமதி தர ஒரு பெரிய பொத்தான். வாக்காளர் பத்து முறை அழுத்தினாலும் ஒரு ஓட்டுதான் பதிவாகும். முடிவு காட்டும் பொத்தானும், பதிவை அழிக்கும் பொத்தானும் மூடிக்குள், முத்திரைக்குள். அந்த நேரத்துக்குத் தேவையில்லாத எதுவும் கைக்கு எட்டாது.

பின்னாளில் எங்கள் அலுவலகத்துக்குக் கணினி வந்தது. ஒரே திரையில் இருபது பொத்தான்கள், எல்லாம் ஆங்கிலத்தில். எதைத் தொட்டால் என்ன அழியுமோ என்று மூத்தவர்கள் ஒதுங்கினார்கள். முப்பது வருடம் பேரேட்டைக் கரைத்துக் குடித்த ஒருவர், "எனக்கு இனி மூளை ஏறாது சார்" என்று சொல்லி விருப்ப ஓய்வில் போனார். அதே மனிதர் 2001-ல் ஒரே பிற்பகல் பயிற்சியில் வாக்கு இயந்திரத்தைக் கற்று, சாவடியைத் தனியாகச் சமாளித்தவர். குறை அவர் மூளையில் இல்லை.

இயந்திரத்தின் மீது சந்தேகம் வந்தபோது, 2013 முதல் ஒப்புகைச் சீட்டுக் கருவி சேர்ந்தது. அதிலும் வாக்காளர் புதிதாக எதையும் அழுத்த வேண்டாம். கண்ணாடி வழியே 7 விநாடி பார்த்தால் போதும்.

கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த மூடி விஷயத்தை அவசியம் சொல்லுங்கள். அவர்கள் செய்வதைத் தொடப் பயந்து இன்னொருவர் வேலையை விட்டுப் போக வேண்டாம்.