வைரத்தின் ஒற்றைப் பிணைப்பும் அன்னா மணியின் ஆய்வேடும்

பாகலூருக்குப் பக்கத்தில், ஓசூரில், வைர நகை செய்யும் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குள் போனால் இந்திய அறிவியல் கழகம். 1940களில் அங்கே ஒரு பெண் வைரங்களோடு இரவு பகலாக உழைத்தார். நகைக்காக அல்ல.

வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அண்டை அணுக்களோடு இணைந்திருக்கிறது. இரண்டு அணுக்களும் ஆளுக்கொரு எலக்ட்ரானைத் தந்து பகிர்ந்துகொள்வதுதான் ஒற்றைச் சகப்பிணைப்பு. நீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம். கல் முழுக்க இந்த ஒரே பிணைப்புதான். அதன் கடினத்துக்கும் அதுவே காரணம்.

அன்னா மணி 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாம் பிறந்தநாளில் வீட்டு வழக்கப்படி கொடுத்த வைரத் தோட்டை வேண்டாமென்று கலைக்களஞ்சியம் கேட்ட பெண். (பின்னாளில் முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்கள் அவர் கைக்கு வந்தன, ஆய்வுக்கு!) 1939இல் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல், வேதியியலில் ஆனர்ஸ் முடித்தார். அந்தப் படிப்பை வைத்தே உதவித்தொகை கிடைத்து, 1940இல் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

வேலை பொறுமையைச் சோதிப்பது. கல்லைத் திரவக் காற்றின் குளிரில் வைக்க வேண்டும். சில வைரங்களின் மங்கிய ஒளி புகைப்படத் தகட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் ஆகும். சில கற்கள் ஏன் நீலமாக ஒளிர்கின்றன? படிக அமைப்பே வேறுபடுகிறது என்றார் ராமன், அது நிலைக்கவில்லை. ஓர் அணு இல்லாத வெற்றிடம், அதைச் சுற்றி மூன்று நைட்ரஜன் அணுக்கள்: அந்த நீலத்துக்கு இப்படிப்பட்ட இடங்களே காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. பிணைப்பு அறுபட்ட இடங்களின் ஒளியைத்தான் அவர் தகட்டில் பிடித்துக்கொண்டிருந்தார்.

1942க்கும் 1945க்கும் இடையில் தனி ஆசிரியராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டை அளித்தார். கழகத்து ஆய்வுகளுக்குப் பட்டம் தந்தது அந்தப் பல்கலைக்கழகம்தான். எம்.எஸ்ஸி. இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் மறுத்துவிட்டது. ஆய்வில் சேரப் போதுமானதாக இருந்த ஆனர்ஸ், பட்டம் வாங்கும்போது மட்டும் போதாமல் போனது. விதி என்று இதைக் கடந்துபோக எனக்கு மனமில்லை.

அவரோ பிற்காலத்தில் வானிலைக் கருவிகளில் பெயர்பெற்று, 1976இல் வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வுபெற்றார். முனைவர் பட்டம் இல்லாதது தன் வாழ்க்கையைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்றே வரலாற்றாசிரியர் ஆபா சூரிடம் சொன்னார். எழுதி முடித்த அந்த ஆய்வேடு பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவன நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.