நெருப்பில்லாத டிகாஷன்

கரகரப்பாக அரைத்த காப்பித்தூள் 100 கிராம், தண்ணீர் 800 மில்லி, ஓர் இரவு ஊறல். வடிகட்டினால் ‘கோல்ட் ப்ரூ’, நெருப்பில்லாத டிகாஷன்.

இது புதுச்சரக்கல்ல. ஜப்பானில் ‘டச்சுக் காப்பி’ என்பார்கள். ஜாவாவிலிருந்து டச்சுக்காரர் கொண்டுவந்த முறை என்று கதை. 1641 முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நாகசாகியின் தெஜிமா தீவில் டச்சு வணிகர்கள் இருந்தது உண்மை. காப்பியைக் குளிர்நீரில் இறக்கினார்கள் என்பதற்கு உறுதியான சான்றில்லை. சொட்டுச்சொட்டாக இறக்கும் கண்ணாடிக் கருவியைப் பிரபலமாக்கியவை கியோட்டோவின் காப்பிக்கடைகள்தான். பெயரென்னவோ டச்சுக்காரருக்குப் போய்விட்டது.

ஜாவாக்காரர்களுக்கு? 1830இல் டச்சு அரசு கட்டாயச் சாகுபடியைக் கொண்டுவந்தது. (இலங்கை மலைக்காப்பித் தோட்டங்களுக்கு நடந்துபோன நம்மவர் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.) மேற்கு ஜாவாவின் பிரியாங்கான் மலைகளில் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே குடியானவர்கள் காப்பி பயிரிட்டு, டச்சுக் கும்பினி சொன்ன விலைக்கே அளந்துகொண்டிருந்தார்கள்.