உடனுறைந்து கற்றல்: பேராதனை விடுதிகளும் மட்டக்களப்புக் கூத்தும்

கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை ஊர்களுள் களுவாஞ்சிக்குடியும் ஒன்று. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரை. வயலும் குளமும் காடும் சூழ்ந்த வேறோர் உலகம். இவ்விரு கரைகளிலும் வயல்வேலை ஓய்ந்த காலங்களில் கூத்துப் பழகுதல் நெடுங்கால வழக்கம். அண்ணாவியார் ஊருக்கு அழைக்கப்படுவார். ஆட விரும்புவோருக்குச் சட்டங் கொடுக்கப்படும். பின்னர் மாதக்கணக்கில் இரவு தோறும் பழக்கம் நடைபெறும். சதங்கை கட்டுதல், அடுக்குப் பார்த்தல், வெள்ளுடுப்பு எனப் படிப்படியாக வளர்ந்து அரங்கேற்றத்தில் முடியும். எழுதப் படிக்கத் தெரியாத உழவன் ஒருவன் நூற்றுக்கணக்கான விருத்தங்களையும் தருக்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு விடியும்வரை ஆடுவான். அவனுக்குக் கற்பித்தது வகுப்பறையன்று. ஒரே பொருளில் நாட்டங்கொண்டோர் நாள்தோறும் கூடியிருந்த கூட்டமே.

இதனை ஈண்டுக் குறிப்பிடக் காரணம் உண்டு. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், விடுதிகளின் சில பகுதிகளை இசை, அயல்மொழி, சூழலியல் என ஒவ்வொரு பொருளுக்கென ஒதுக்கி, அப்பொருளில் ஈடுபாடுடைய மாணவரை ஒன்றாக வாழவைக்கும் முறை இன்று பெருவழக்காயுள்ளது. இதற்கு முன்னோடியாகப் பலரும் சுட்டுவது அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் மைக்கிள்ஜோன் 1927இல் தொடங்கிய பரிசோதனைக் கல்லூரியையாகும். ஒரே விடுதியில் ஆசிரியரும் மாணவரும் கூடி, முதலாண்டில் பண்டைய ஏதென்சு நகர நாகரிகத்தையும், இரண்டாமாண்டில் தற்கால அமெரிக்காவையும் முழுமையாக ஆராய்ந்தனர். 1932இல் அம்முயற்சி நின்றுபோயிற்று. ஐந்தாண்டே வாழ்ந்த ஒன்று இத்துணைக் காலம் பேசப்படுவது வியப்பே.

நம்மவர்க்கு இம்முறை முற்றிலும் புதியதன்று. முதலாம் இராசேந்திரசோழன் காலத்து எண்ணாயிரம் சாசனம் கூறும் கல்லூரியில் 340 மாணவருக்கு உணவும் உறையுளும் அளிக்கப்பட்டன. இருக்கு வேதத்திற்கு 75 பேர், யசுர் வேதத்திற்கு 75 பேர், இலக்கணத்திற்கு 40 பேர் என அவரவர் கற்கும் பொருள்வாரியாக மாணவர் தொகை அதிற் சொல்லப்படுகின்றது. ஆயின் உழுது நெல் அளந்தவன் மகனுக்கு அங்கு இடமில்லை என்பதையும் மறத்தலாகாது. உடனுறை கல்வியின் வரலாற்றை எழுதுவோர், யார் உடனுறைய அனுமதிக்கப்பட்டனர் என்ற வினாவைக் கேளாது செல்வது பெருங்குறை. உ.வே. சாமிநாதையர் 1871 முதல் 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையுடன் ஊரூராகச் சென்று, திருவாவடுதுறை மடத்திலும் தங்கிக் கற்றதைப் பலரும் அறிவர்.

எம் பிரதேசத்தில் இவ்வெண்ணத்திற்கு உருக்கொடுத்தவர் சுவாமி விபுலாநந்தர். களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் தோன்றிய அவர், கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். வாவியின் மறுகரையிலிருந்தும் தொலைவூர்களிலிருந்தும் வந்த ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்க அதனோடு மாணவர் இல்லமும் அமைந்தது. பின்னர் 1931 முதல் 1933 வரை அவர் தமிழ்ப் பேராசிரியராக இருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் 1929இல் வதிவிடப் பல்கலைக்கழகமாகவே தோற்றம் பெற்றதாகும். அங்கு அவர் உள்ளத்தில் ஊன்றிய யாழாராய்ச்சியே 1947இல் யாழ்நூலாக அரங்கேறியது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானபோது அப்பல்கலைக்கழகம் கொழும்பிலேயே இருந்தது. பேராதனையைக் காணாமலே 1947 யூலையில் மறைந்தார்.

இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற குரலை 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் வாயிலாக எழுப்பியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். பல்கலைக்கழகம் எவ்விடத்தில் அமைவது என்பதில் ஆண்டுக்கணக்காகப் பூசல் நிகழ்ந்தது. கொழும்பில் அமையின் மாணவர் வீட்டிலிருந்து வந்து விரிவுரை கேட்டுச் செல்வர். கண்டிப் பக்கம் அமையின் அங்கேயே வாழ்ந்து கற்பர். இடப்பூசல் என்று பெயரிடப்பட்டாலும் உண்மையில் அது கல்வி என்றால் யாது என்பது பற்றிய பூசலே. ஈற்றில் வதிவிடக் கட்சி வென்றது. 1942இல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிறிஜில் கற்றவர். மகாவலிக் கரையில் ஹந்தானை மலையடிவாரத்தில் விடுதிகள் எழுந்தன. ஒவ்வொன்றிற்கும் காப்பாளர், துணைக்காப்பாளர், பொதுக்கூடம், உணவுச்சாலை. அருணாசலம், இராமநாதன், ஜயதிலக, மார்ஸ், பீரிஸ் எனப் பெரியோர் பெயர்கள். அவற்றுள் எதற்கும் கிழக்கு மாகாணத்தார் பெயர் கிடைக்கவில்லை. அது வேறு கதை.

சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி வாதிட்டுப் பழகின் ஒரு நாட்டுக்குரிய தலைவர்கள் உருவாவர் என்பதே வதிவிடக் கொள்கையின் உள்ளக்கிடக்கை. அக்காலத்து மாணவர் பெரும்பாலும் ஆங்கிலக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். ஆகவே விடுதிக்கு வரும்போதே அவர்களுக்குப் பொதுமொழி ஒன்றும் ஓரளவு பொதுவான வாழ்க்கைமுறையும் இருந்தன. அந்த ஒற்றுமையை விடுதி படைத்ததா, அன்றி வெளியே இருந்ததை உள்ளே வைத்துப் பேணியதா என்பது ஆராயத்தக்கது. பின்னதே உண்மை என்பது எம் கருத்து.

1945இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வியும், மத்திய மகாவித்தியாலயங்களும், அவற்றின் விடுதிகளில் தங்கிக் கற்க வழங்கப்பட்ட புலமைப்பரிசிலும் நிலைமையை மாற்றின. வந்தாறுமூலை மத்திய மகாவித்தியாலயத்தில் மட்டக்களப்புக் கிராமத்துப் பிள்ளைகள் விடுதியில் தங்கிக் கற்றனர். 1960இல் பேராதனைக் கலைப்பீடம் சுயமொழி வழி மாணவரைச் சேர்த்துக்கொண்டது. அதுவரை பல்கலைக்கழக வாயிலையே காணாத குடும்பங்களின் பிள்ளைகள் விடுதிகளுக்குள் வந்தனர். இஃது ஒரு பெரும் நற்பேறு. ஆயின் அதே நடவடிக்கை மற்றொன்றையும் செய்தது. அடுத்தடுத்த அறைகளில் வாழ்ந்த சிங்கள மாணவனும் தமிழ் மாணவனும் ஒரே பாடத்தை வெவ்வேறு மண்டபங்களில், வெவ்வேறு மொழிகளில் கேட்கலாயினர். உறையுள் ஒன்று, கல்வி இரண்டு. உடனுறைதலும் உடன்கற்றலும் பிரிந்துபோயின.

இந்நிலையிலேதான் கூத்து பேராதனைக்கு வந்தது. 1956இல் எதிரிவீர சரச்சந்திர, நாடகம எனும் சிங்களக் கிராமிய மரபைத் தழுவி, பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு மனமே நாடகத்தை ஆக்கினார். அந்நாடகம மரபுக்குத் தமிழ்க் கூத்தோடு உறவுண்டு என்பது ஆய்வாளர் ஒப்பும் உண்மை. இதனை அருகிருந்து கண்ட சு. வித்தியானந்தன், கலைக்கழகத்துத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக மட்டக்களப்புக்கு வந்து களரிகளைத் தேடிப் பார்த்தார். அதற்கு முன்னரே, பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் நாடகங்களைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு அவர் மேடையேற்றியிருந்தார், கா. சிவத்தம்பி அவற்றில் நடித்தவர். இப்போது அவர் நாடியது அந்நாடகங்களினின்றும் வேறானது. 1962இல் கர்ணன் போர் அரங்கேறியது. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். பல்கலைக்கழகப் பட்டம் பெறாத ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் நின்ற காட்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொடர்ந்து நொண்டி நாடகம், 1965இல் இராவணேசன், 1967இல் வாலிவதை என்பன வந்தன. இராவணேசனில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு மட்டக்களப்பு மாணவர்; வந்தாறுமூலையிற் கற்றவர்.

விடிய விடிய ஆடும் கூத்து ஓரிரு மணி நேரத்துள் சுருக்கப்பட்டதையும், வட்டக்களரி படச்சட்ட மேடைக்கு மாறியதையும் குறைகூறுவோர் உளர். அக்குறையில் நியாயமில்லை எனக் கூறமாட்டோம். களரியைச் சுற்றி நான்கு பக்கமும் பாய் விரித்து இருந்த ஊர், மேடைக்கு முன்னால் நாற்காலியில் இருக்கும் கூட்டமாக மாறும்போது இழப்பு உண்டு. ஆயினும் எம் நோக்கில் முதன்மையானது வேறு. ஊரில் கற்றவர் எனப்பட்டோர் கூத்தை நாட்டுப்புறத்தான் ஆட்டம் என இகழ்ந்த காலம் அது. விடுதிக்கு வந்த கிராமத்து மாணவன் தன் பேச்சையும் தாளத்தையும் மறைத்துக்கொள்ளவே முதலிற் கற்றிருப்பான். மறைக்க எண்ணிய அதுவே அங்குக் கல்வியாயிற்று. அவனுடன் யாழ்ப்பாணத்து மாணவரும் ஆட்டம் பழகினர். மாலையில் விரிவுரை முடிந்தபின், மாதக்கணக்காக, அடவு தவறியவனை மற்றவன் திருத்தி, மத்தள ஒலிக்குக் காலெடுத்து வைத்த அந்தப் பழக்கம் படுவான்கரைக் களரியின் இரவுகளையே ஒத்தது. ஜெனிங்ஸ் கனவுகண்ட வதிவிடக் கல்வி, அவர் எண்ணிப் பார்த்திராத வடிவில், சிறிது காலம் பேராதனையில் வாழ்ந்தது எனலாம்.

ஆனால் அதன் எல்லையும் வெளிப்படையானது. சரச்சந்திரவின் மாணவரும் வித்தியானந்தனின் மாணவரும் ஒரே வளாகத்தில், உறவுடைய இரு மரபுகளைத் தனித்தனியே பழகினர். இருவரும் ஒரு களரியில் ஆடியிருப்பின் என்னவாகியிருக்கும் எனக் கேட்காமல் இருக்க முடியவில்லை. 1983 மே மாதத்தில் பேராதனையில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டு விடுதிகளை விட்டு வெளியேற நேர்ந்தது. முப்பதாண்டுக்கால உடனுறைவு அவர்களைக் காக்கவில்லை.

அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர், 1981இல், வந்தாறுமூலை மத்திய மகாவித்தியாலயக் கட்டடங்களில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் தங்கிக் கற்ற இடம் பல்கலைக்கழகமாயிற்று; 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. களுவாஞ்சிக்குடிப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் பேருந்தில் சென்று சேரும் தொலைவுக்கு வந்துவிட்டது. 1990இல் போர் மூண்டபோது சுற்றூர்களின் மக்கள் ஆயிரக்கணக்கில் அவ்வளாகத்தில் தஞ்சமடைந்தனர். விரிவுரை மண்டபங்கள் குடும்பங்களின் உறையுளாயின. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் இராணுவத்தினரால் அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. வதிவிடம் என்ற சொல்லை அவ்வளாகத்தில் எளிதாக உச்சரிக்க இயலாது.

அதே வந்தாறுமூலையில் மௌனகுரு பின்னர் நுண்கலைத்துறைப் பேராசிரியரானார். பேராதனையில் தாம் ஆடிய இராவணேசனைக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவருக்குப் பழக்கி மீண்டும் மேடையேற்றினார். இம்முறை ஆடியோருள் பெண்களும் இருந்தனர். ஊர்க் களரிகளில் ஆண்களே பெண்வேடம் புனைந்து ஆடுவது மரபு.