மீன் கிடங்கிலிருந்து கியோசா வரை: ஜப்பானிய உறைபதன உணவின் நூறாண்டு

டோக்கியோவின் எந்த சூப்பர்மார்க்கெட்டுக்குள் போனாலும் ஒரு வரிசை முழுவதும் உறைபதனப் பெட்டிகள்தான். கியோசா என்ற பூரணக் கொழுக்கட்டை, உடோன் நூடுல்ஸ், வறுத்த சோறு, தாகோயாகி என்ற ஆக்டோபஸ் உருண்டை, சோயா சாஸ் தடவிச் சுட்ட சோற்று உருண்டை என்று அடுக்கியிருக்கும். வேலைக்குப் போகும் குடும்பங்களின் அவசரத்துக்காகவே பிறந்த தொழில் இது என்று புதிதாக வரும் பயணி எண்ணினால் அதில் வியப்பில்லை. ஆனால் ஜப்பானிய வீடு இந்த உணவை ஏற்றுக்கொண்டது கடைசியில்தான். பள்ளிக்கூடமும் ஒலிம்பிக் கிராமமும் உணவகமும் அதற்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டன.

தொடக்கம் மீனில். ஹொக்கைடோ தீவின் மோரி என்ற கடலோர ஊரில், நாளொன்றுக்கு 10 டன் மீனை உறைய வைக்கும் நிலையம் 1920-இல் எழுந்தது. ஜப்பானிய உறைபதனத் தொழிலின் பிறப்பாக இதையே கொள்கிறார்கள். வடகடலில் ஒரே பருவத்தில் குவியும் மீனைக் கெடாமல் தெற்கே அனுப்புவதுதான் அன்றைய கவலை. சுவை பற்றி யாரும் பேசவில்லை. 1930 வாக்கில் ஒசாகாவின் ஹான்கியூ பல்பொருள் அங்காடி உறைந்த ஸ்ட்ராபெரியை விற்றுப் பார்த்தது. வாங்கிப்போய் வைக்க வீட்டில் இடமில்லாத காலம் அது. போருக்குப் பிறகு குளிர்சாதனப் பெட்டிகள் வந்தபோதும், அவற்றில் ஐஸ் தட்டு வைக்கும் அளவுக்கே உறைநிலை அறை இருந்தது.

அதனால் பெரிய அடுப்புகள்தான் முதலில் வழிவிட்டன. பள்ளி உணவுச் சட்டம் 1954-இல் நிறைவேறியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் பரிமாற வேண்டிய சமையற்கூடங்களுக்கு, உறைந்த மீன் துண்டுகளும் கொரோக்கே என்ற பொரித்த உருளைக்கிழங்கு வடையும் கைகொடுத்தன.

அடுத்த திருப்பம் 1964 டோக்கியோ ஒலிம்பிக். யோயோகியில் அமைந்த வீரர் கிராமத்துக்கு வேண்டிய இறைச்சியையும் காய்கறியையும் அந்தச் சில வாரங்களிலேயே வாங்கினால் நகரச் சந்தையில் விலை ஏறிவிடும் என்ற அச்சம் இருந்தது. முன்கூட்டியே வாங்கி உறைய வைப்பது ஒரு வழி. ஆனால் உறைந்த பொருள் என்றாலே மட்டம் என்று சமையற்காரர்கள் முகம் சுளித்தார்கள். கிராமத்து உணவுக்கூடம் ஒன்றின் பொறுப்பை ஏற்றிருந்த இம்பீரியல் ஹோட்டலின் சமையல் வல்லுநர் முராகாமி நோபுவோ, இன்று நிச்சிரெய் என்று அறியப்படும் நிப்பொன் ரெய்சோ நிறுவனத்துடன் சேர்ந்து, எந்தப் பொருளை எப்படி உறைய வைப்பது, எப்படி உருக்குவது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1963-இல் அந்த ஹோட்டலில் ஒரு சுவைப் பரீட்சை நடந்தது. புதுப்பொருளில் சமைத்ததும் உறைந்த பொருளில் சமைத்ததும் ஒன்றாகப் பரிமாறப்பட்டன. ஒலிம்பிக் பொறுப்பு அமைச்சர் சாதோ எய்சாகு உட்பட விருந்தினர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

விருந்தைவிட முக்கியமானது பின்விளைவு. நாடெங்கிலுமிருந்து கிராமத்தில் வேலை செய்ய வந்த சுமார் 300 சமையற்காரர்கள், அந்த நுட்பத்தைக் கற்றுக்கொண்டு தத்தம் ஊர்களுக்குத் திரும்பினார்கள். 1965-இல் அரசின் அறிவியல் தொழில்நுட்ப முகமை, உற்பத்தி இடத்திலிருந்து கடை வரை குளிர் அறுபடாத போக்குவரத்துச் சங்கிலியை அமைக்கப் பரிந்துரைத்தது. 1969-இல் உறைபதன உணவுச் சங்கம் உருவாயிற்று. வேகமாக உறைய வைப்பது, மைனஸ் 18 டிகிரிக்கு மேல் ஏறாமல் காப்பது ஆகியவை அதன் அடிப்படை விதிகள். வேகம் ஏன் என்றால், மைனஸ் 1-க்கும் மைனஸ் 5-க்கும் இடையில் பொருள் தங்கித் தங்கி உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் திசுவைக் கிழித்துவிடும். உருகும்போது சாறெல்லாம் ஒழுகிவிடும்.

பெரிய உறைநிலை அறை கொண்ட குளிர்சாதனப் பெட்டிகள் பரவி, வீடும் வாங்கத் தொடங்கிய பிறகு ஆராய்ச்சியின் கேள்வியே மாறியது. கெடாமல் காப்பது எப்படி என்பது போய், சமையற்காரரின் கைப்பக்குவத்தைப் பொட்டலத்துக்குள் எப்படி அடைப்பது என்று ஆயிற்று. உடோன் நல்ல உதாரணம். கோதுமை மாவில் செய்யும் இந்தத் தடித்த நூடுல்ஸை வெந்தவுடன் உண்டால்தான் அதன் துள்ளும் மென்மை நாக்குக்குப் புரியும். அப்போது வெளிப்புறத்தில் ஈரம் மிகுந்தும் நடுவில் குறைந்தும் இருக்கும். நேரம் போனால் ஈரம் சமமாகி, உடோன் சோர்ந்துவிடும். உடோனுக்குப் பேர்போன ககாவா மாகாணத்தில் இருந்த கதோகிச்சி நிறுவனம் 1974-இல் உறைந்த உடோனை விற்கத் தொடங்கியது. வெந்தவுடன் உறைய வைத்தால் அந்த ஈர வேறுபாடு அப்படியே நிற்கிறது. இன்று டேபிள்மார்க் என்ற பெயரில் விற்கும் அதே உடோனைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டால் போதும். பல நடுத்தர உணவகங்களின் உடோனைவிட இது மேல் என்று துணிந்து சொல்லலாம். 2001-இல் வந்த நிச்சிரெய்யின் வறுத்த சோறும் இதே வகைச் சாதனைதான்: சோறு கட்டி தட்டாமல் பொலபொலவென்று உதிரும். அதில் பன்றி இறைச்சி உண்டு என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். சைவப் பயணிகளுக்கு எடமாமே என்ற பச்சை சோயா மொச்சையும் வெறும் உடோனும் பாதுகாப்பானவை. ஆனால் உடோனுக்கான சூப்பில் பெரும்பாலும் மீன்சாறு இருக்கும். விடுதியில் மைக்ரோவேவ் மட்டுமே இருந்தால், பொட்டலத்தின் பின்பக்கம் 500 வாட்டுக்கும் 600 வாட்டுக்கும் தனித்தனியாக அச்சிட்ட நேரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் பெரிய கதை கியோசாவுடையது. அஜினொமொதோ நிறுவனம் 1972-இல் இதை உறைபதனச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1997-இல் எண்ணெய் ஊற்றாமல் பொரிக்கும் வகை வந்தது. 2012-இல் தண்ணீரும் தேவையில்லாமல் போயிற்று. தட்டிலிருந்து 12 கொழுக்கட்டைகளை எடுத்தால் ஒவ்வொன்றின் அடியிலும் வெண்ணிறப் பனிக்கட்டி ஒட்டியிருக்கும். மாவுச்சத்தும் எண்ணெயும் நீரும் கலந்த கலவை அது. அந்தப் பக்கம் கீழே படும்படி வாணலியில் அடுக்கி, மூடிபோட்டு, நடுத்தர நெருப்பில் 5 நிமிடம் விட்டால் கலவை உருகி, அதன் ஆவியிலேயே மேல்பாகம் வெந்துவிடும். மூடியைத் திறந்து நீர் வற்றும்வரை காத்திருந்தால், ரவா தோசை ஓரம்போல மெல்லிய முறுகல் வலை ஒன்று எல்லாவற்றையும் இணைத்து நிற்கும்.

கியோசா என்ற பெயரே ஒருமுறை கெட்டும் போனது. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் தயாராகி இறக்குமதியான வேறொரு நிறுவனத்தின் கியோசாவில் மெத்தமிடோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. சிபா, ஹியோகோ மாகாணங்களில் 10 பேர் நோயுற்ற செய்தி 2008 ஜனவரியில் வெளியாகி, நாடே உறைபதனப் பெட்டியைச் சந்தேகத்தோடு பார்த்தது.

நம்பிக்கை திரும்பச் சில ஆண்டுகள் பிடித்தன. பெருந்தொற்றால் உணவகங்கள் வெறிச்சோடிய 2020-இல், உள்நாட்டு உற்பத்தியில் வீட்டுக்கான பங்கு முதன்முறையாக உணவகங்களுக்கான பங்கைத் தாண்டியது. உறைந்த கியோசாவைப் பரிமாறிய ஒரு பெண்ணைக் கணவர் ‘வேலையில் சோம்பல்’ என்று குத்திக்காட்டியதாக வந்த ட்விட்டர் பதிவு பெரும் விவாதமானதும் அதே ஆண்டுதான். நறுக்குவது, பிசைவது, பொதிவது என்று வீட்டில் படும் பாட்டை ஆலை ஏற்றுக்கொள்கிறது, அது சோம்பல் ஆகாது என்று அஜினொமொதோ தரப்பு பதில் சொன்னது. ஆலையில் அந்த வேலையைச் செய்பவர்களைப் பற்றி இந்த விவாதத்தில் அதிகம் பேச்சில்லை.

2023-இல் இன்னொரு வாடிக்கையாளர், கியோசா வாணலியில் ஒட்டிக்கொள்கிறது என்று படத்தோடு பதிவிட்டார். நிறுவனம் அந்த வாணலியையே அனுப்பக் கேட்டது. மற்றவர்களிடமும் ஒட்டும் வாணலிகளைக் கேட்டது. நாடெங்குமிருந்து 3,520 பழைய வாணலிகள் வந்து குவிந்தன. பூச்சு தேய்ந்த அந்த வாணலிகளை வைத்து, அடியில் ஒட்டும் கலவையை மீண்டும் மாற்றத் தொடங்கினார்கள்.