வராமையும் விலக்கமும்: தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான விளையாட்டுப் புறக்கணிப்பு, 1956–1992

ஆய்வுச் சுருக்கம்

பன்னாட்டு விளையாட்டுப் போட்டிகளைப் புறக்கணித்தல் பயன்தரும் அரசியல் எதிர்ப்பு வடிவமா என்னும் வினாவைத் தென்னாப்பிரிக்க இனஒதுக்கல் ஆட்சிக்கு எதிரான இயக்கத்தின் வரலாற்றை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு நாடு போட்டிக்கு வராமல் இருத்தலும், குற்றஞ்சாட்டப்பட்ட நாட்டைப் போட்டியிலிருந்து விலக்கிவைத்தலும் ‘புறக்கணிப்பு’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டு வந்துள்ளன. இவ்விரண்டின் விளைவுகளும் வேறுவேறு என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: இனஒதுக்கல், விளையாட்டுப் புறக்கணிப்பு, ஒலிம்பிக், டேவிஸ் கோப்பை, தென்னாப்பிரிக்க இந்தியர்.

முன்னுரை

1974ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியில் இந்திய அணி கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை 3–2 என்ற கணக்கிலும், பூனாவில் சோவியத் ஒன்றியத்தை 3–1 என்ற கணக்கிலும் வென்று இறுதிச் சுற்றை எட்டியது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் உடன்பிறந்தார் அவ்வணியின் தூண்களாக விளங்கினர். எதிரணி தென்னாப்பிரிக்கா. இனஒதுக்கல் அரசின் அணியோடு ஆடுவதில்லை என்னும் இந்திய அரசின் கொள்கைக்கேற்ப இந்தியா இறுதிப் போட்டியைக் கைவிட்டது. ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது.

இந்தியா அதற்கு முன்னர் 1966இல் ஆஸ்திரேலியாவிடமும், பின்னர் 1987இல் சுவீடனிடமும் இறுதிச் சுற்றில் தோற்றது. டேவிஸ் கோப்பையை இந்தியா இன்றுவரை வென்றதில்லை. எதிர்ப்புத் தெரிவித்தவர் கோப்பையை இழக்க, எதிர்க்கப்பட்டவர் அதனைப் பெற்றார் என்னும் இம்முரணைக் கொண்டே விளையாட்டுப் புறக்கணிப்பு வீண் என வாதிடுவோர் உளர். அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் 1974ஆம் ஆண்டு நிகழ்வைத் தனித்து நோக்காமல், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றோடு இணைத்து நோக்குதல் வேண்டும்.

விளையாட்டுக்குள் இருந்த அநீதி

இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடையிலான பூசல் விளையாட்டில் தோன்றியதன்று. 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘துரூரோ’ என்னும் கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றோரின் வழித்தோன்றல்கள் அங்கு நடத்தப்பட்ட முறையே அதன் வேர். 1946இலேயே இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவை முறித்துக்கொண்டு, அச்சிக்கலை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டுசென்றது.

1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தபின் இனஒதுக்கல் அரசின் முறையான கொள்கையாயிற்று. 1956இல் உள்துறை அமைச்சர் டோங்கெஸ், வெள்ளையரும் வெள்ளையரல்லாதாரும் தத்தம் விளையாட்டைத் தனித்தனியே அமைத்துக்கொள்ள வேண்டும் என்றும், கலப்பு அணிகள் கூடா என்றும் அறிவித்தார். இங்கு ஒன்றைக் கருதவேண்டும். கலப்பு விளையாட்டைப் பெயர் சுட்டித் தடைசெய்யும் சட்டம் அந்நாட்டில் தேவைப்படவில்லை. குழுப் பகுதிச் சட்டமும் (1950) தனி வசதிகள் சட்டமும் (1953) அதனைச் செய்து முடித்தன. ஆடுகளம், உடைமாற்றும் அறை, பார்வையாளர் இருக்கை, உணவறை ஆகிய ஒவ்வொன்றும் இனத்தால் பிரிக்கப்பட்டபின் ஆட்டம் தானே பிரிந்துபோயிற்று.

இந்நிலையைப் பாப்வா செவ்கோலம் என்பாரின் வாழ்க்கை காட்டும். டர்பனைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினரான இவர் கோல்ப் மட்டையை வழக்கத்துக்கு மாறாகக் கைமாற்றிப் பிடித்து ஆடியவர். டச்சு ஓபன் பட்டத்தை மும்முறை வென்றவர். 1963இல் நேட்டால் ஓபன் பட்டத்தை வென்றபோது வெள்ளையருக்கான மன்றக் கட்டடத்துக்குள் நுழைய அவருக்கு அனுமதியில்லை. வெளியே, மழையில் நின்று அவர் கோப்பையைப் பெற்றார். அக்காட்சியின் ஒளிப்படம் பன்னாட்டு இதழ்களில் பரவியது. 1965இல் அதே போட்டியில் கேரி பிளேயரை வென்ற பின்னர் அவருக்கான வாய்ப்புகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன, கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது. 1978இல் வறுமையில் மறைந்தார். அநீதி இங்கு விளையாட்டுக்கு வெளியே இருந்து விளையாட்டின்மேல் ஏற்றப்பட்டதன்று, ஆடுகளத்திலேயே நிகழ்ந்தது. ‘விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்’ என்னும் பழகிய கூற்று தென்னாப்பிரிக்காவைப் பொறுத்தவரை பொருளற்றுப் போனமைக்கு இதுவே காரணம்.

வராமையிலிருந்து விலக்கத்திற்கு

முதல் வெற்றி, பலரும் சிறிதெனக் கருதும் ஒரு விளையாட்டில் கிட்டியது. 1956இல் பன்னாட்டு மேசைப்பந்துக் கூட்டமைப்பு வெள்ளையர் சங்கத்தை நீக்கி, இனபேதமற்ற வாரியத்தைத் தென்னாப்பிரிக்காவின் சார்பாளராக ஏற்றுக்கொண்டது. அவ்வாரியத்தின் அணி 1957இல் ஸ்டாக்ஹோம் உலகப் போட்டியில் கலந்துகொண்டது. எவரும் எதனையும் புறக்கணிக்கவில்லை. அங்கீகாரம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றப்பட்டது, அவ்வளவே. ஒரு நாட்டுக்கு ஒரே சங்கம் என்னும் பன்னாட்டு விதியே இயக்கத்தின் கருவியாயிற்று.

கவிஞரும் ஆசிரியருமான டெனிஸ் புரூட்டஸ் இக்கருவியின் ஆற்றலைத் தெளிவாக உணர்ந்தவர். அவரும் தோழர்களும் 1960களின் தொடக்கத்தில் அமைத்த தென்னாப்பிரிக்க இனபேதமற்ற ஒலிம்பிக் குழு, வெள்ளையர் ஒலிம்பிக் சங்கத்தின் அங்கீகாரத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. 1963இல் காவலிலிருந்து தப்ப முயன்றபோது சுடப்பட்ட புரூட்டஸ் ராபன் தீவுச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் சிறையில் இருந்த காலத்திலேயே 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து தென்னாப்பிரிக்கா விலக்கப்பட்டது.

1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கையொட்டி நிகழ்ந்தவை இவ்வியக்கத்தின் உத்தியை விளக்கப் போதுமானவை. பன்னாட்டு ஒலிம்பிக் குழு அவ்வாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு மீண்டும் அழைப்பு விடுத்தது. ஆப்பிரிக்க நாடுகள் வரமாட்டோம் என்றன. அவற்றுக்கு ஆதரவு பெருகியது. ஒரு நாட்டை அழைப்பதா, பல நாடுகளை இழப்பதா என்னும் நெருக்கடி அமைப்பாளர் முன் நின்றது. அழைப்புத் திரும்பப் பெறப்பட்டது. 1970இல் தென்னாப்பிரிக்கா ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே நீக்கப்பட்டது. ஆப்பிரிக்க நாடுகளின் அச்சுறுத்தல் பிரிட்டோரியாவை நோக்கியதன்று, போட்டியை நடத்துவோரை நோக்கியது. வராமை என்பது நிகழாமலே பயன் தந்தது. 1974இல் இந்தியாவுக்கு இத்தகைய பிடி இல்லை. அன்றைய டென்னிஸ் நிருவாகத்தில் மேலைநாட்டுச் சங்கங்களின் செல்வாக்கே மிகுதி. தனியொரு நாட்டின் விலகலை அவர்கள் தாங்கிக்கொள்ள முடிந்தது. ஆயினும் எதிர்ப்பு தொடர்ந்தமையால் 1978ஆம் ஆண்டுக்குப் பின்னர் டேவிஸ் கோப்பையிலிருந்தும் தென்னாப்பிரிக்கா வெளியேற நேர்ந்தது.

கிரிக்கெட்டில் முறிவை உண்டாக்கியவர் தென்னாப்பிரிக்கப் பிரதமரே எனலாம். கேப் டவுனில் பிறந்து, கலப்பினத்தவர் என்பதால் தாய்நாட்டு அணியில் இடம்பெற இயலாது இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்தவர் பாசில் டி ஒலிவேரா. 1968 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்கள் எடுத்தும் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு அவர் முதலில் தெரிவு செய்யப்படவில்லை. டாம் கார்ட்ரைட் காயத்தால் விலகியபின் அவர் சேர்க்கப்பட்டார். அவ்வணியை ஏற்க முடியாதெனப் பிரதமர் வோர்ஸ்டர் அறிவித்ததும் பயணம் கைவிடப்பட்டது. 1970இல் பீட்டர் ஹேன் முன்னின்று நடத்திய கிளர்ச்சியின் விளைவாகத் தென்னாப்பிரிக்க அணியின் இங்கிலாந்துப் பயணம் நின்றது. அடுத்து ஆஸ்திரேலியப் பயணமும் நின்றது.

இவற்றின் விளைவு உள்நாட்டில் தெரியத் தொடங்கிய நாளையும் குறிப்பிட இயலும். 1971 ஏப்ரல் 3 அன்று நியூலாண்ட்ஸ் மைதானத்தில் அந்நாட்டின் முன்னணி வெள்ளை ஆட்டக்காரர்கள் ஒரு பந்து வீசப்பட்டவுடன் களத்தை விட்டு வெளிநடப்புச் செய்தனர். தகுதி அடிப்படையில் அணியைத் தெரிய வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. கறுப்பினத்தாரின் துயர் அதுவரை அவர்களை அசைத்ததாகத் தெரியவில்லை. ஆஸ்திரேலியப் பயணம் கைநழுவும் நிலையே அசைத்தது. அதே மாதம் வோர்ஸ்டர் ‘பல்தேசிய’ விளையாட்டுக் கொள்கையை அறிவித்தார். முன்னர் இருமுறை நுழைவு மறுக்கப்பட்ட ஆர்தர் ஆஷ் 1973இல் அனுமதிக்கப்பட்டார். சலுகை ஒவ்வொன்றும் ஒரு விலக்கத்தைத் தொடர்ந்தே வந்துள்ளது. அழைப்பும் உரையாடலும் நிலவிய 1950களில் அத்தகைய சலுகை எதுவும் வரவில்லை.

மான்ட்ரியலும் மாஸ்கோவும்

சோவெட்டோ எழுச்சி நிகழ்ந்த 1976ஆம் ஆண்டிலேயே நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்கா சென்றது. நியூசிலாந்தை மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கும் கோரிக்கை ஏற்கப்படாமையால் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் விலகின. அவற்றுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்க நாடுகள். 1500 மீட்டர் ஓட்டத்தில் உலகச் சாதனைக்குரிய தான்சானியாவின் பில்பர்ட் பாயி ஓடவில்லை. அவ்வோட்டத்தில் தங்கம் வென்றவர் நியூசிலாந்தின் ஜான் வாக்கர். 1974இன் முரண் மீண்டும் நிகழ்ந்தது. ஆனால் 1978இல் எட்மண்டனில் காமன்வெல்த் போட்டிகள் நடைபெறவிருந்தன. அவையும் சிதையும் என்னும் அச்சம் 1977ஆம் ஆண்டின் கிளெனீகிள்ஸ் உடன்பாட்டுக்கு வழிவகுத்தது. தென்னாப்பிரிக்காவுடனான விளையாட்டுத் தொடர்பைத் தடுக்கக் காமன்வெல்த் அரசுகள் உறுதி கூறின. தென்னாப்பிரிக்கச் சிக்கலை முன்னிட்டு எட்மண்டனுக்கு வராத நாடு நைஜீரியா மட்டுமே.

மாஸ்கோ 1980 இதற்கு நேர்மாறானது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்தமையைக் கண்டித்து அமெரிக்காவின் அழைப்பின்பேரில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் விலகின. மான்ட்ரியலில் விலகியோரைவிட இவ்வெண்ணிக்கை பெரிது, பயனோ இல்லை. சோவியத் படைகள் 1989 பிப்ரவரி வரை அங்கேயே இருந்தன. ஆப்கானிஸ்தான் அணியே மாஸ்கோவில் கலந்துகொண்டது! எதிர்க்கப்பட்ட செயல் விளையாட்டின் அமைப்போடு தொடர்பற்றது. அழைப்பு விடுத்தோர் பாதிக்கப்பட்டோர் அல்லர். ஒலிம்பிக் குழுவிடம் அவர்கள் கேட்டதை அது கொடுத்திருந்தாலும் காபூலில் எதுவும் மாறியிராது. மாறியது பதக்கப் பட்டியல். பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகியவை வராத ஹாக்கிப் போட்டியில் ஆறு அணிகளே ஆடின. தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 1984இல் சோவியத் அணியினர் லாஸ் ஏஞ்சலிசுக்கு வராமல் கணக்குத் தீர்த்துக்கொண்டனர்.

விலை கொடுத்தோர்

விலக்கத்தால் துன்புற்றோர் வெள்ளையர் மட்டுமல்லர். 1973இல் தோன்றிய தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றம், அரசின் அரைகுறைச் சலுகைகளை ஏற்க மறுத்தது. இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க இயலாது என்பது அதன் தலைவருள் ஒருவரான ஹாசன் ஹோவாவின் முழக்கம். அரசின் அனுமதிச்சீட்டைப் பெற்று ஆடிய கறுப்பின வீரர்களையும் மன்றம் விலக்கியது. 1956இன் கோரிக்கை அணியைப் பற்றியது. 1970களின் கோரிக்கை ஆட்சியமைப்பையே பற்றியது. இம்மாற்றம் தருக்கத்தின்படி சரியே. ஆயினும் இடைப்பட்ட ஒரு தலைமுறை வீரர்கள் இரு கதவுகளும் அடைபட்ட நிலையில் முதுமை எய்தினர் என்பதை இயக்கத்தைப் போற்றும் நூல்கள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றன.

விலக்கத்தின் கடுமையை அரசு உணர்ந்ததற்கு மறைமுகச் சான்று, 1980களில் பெரும்பணம் கொடுத்து அழைக்கப்பட்ட ‘கிளர்ச்சி’ கிரிக்கெட் அணிகள். விளம்பரதாரர்களுக்கு வரிச்சலுகையும் வழங்கப்பட்டது. 1982 பிப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட் போட்டிக்குத் தலைமையேற்ற பந்துல வர்ணபுர, அதே ஆண்டு இறுதியில் அத்தகைய அணியொன்றை நடத்திச் சென்றார். அவ்வணியினருக்கு 25 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது; பின்னர் அது நீக்கப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சென்றோர் வாழ்நாள் தடை பெற்றனர். வறிய நாட்டு வீரர்கள் பெற்ற தண்டனையோடு ஒப்பிட, இங்கிலாந்து வீரர்கள் பெற்ற மூன்றாண்டுத் தடை மிக எளியது.

தடை நீக்கத்தின் காலம்

இனஒதுக்கலை வீழ்த்தியது விளையாட்டுப் புறக்கணிப்பு எனக் கூறுதல் மிகை. நகரியக் குடியிருப்புகளின் எழுச்சி, 1985இல் அயல்நாட்டு வங்கிகள் கடனை நிறுத்தியமை, அங்கோலாப் போர், பனிப்போரின் முடிவு ஆகியவை அதனினும் வலியவை. ஆனால் வெள்ளை வாக்காளரின் வார இறுதிக்குள் நுழைந்தது இப்புறக்கணிப்பு. 1992 மார்ச் 17 அன்று சீர்திருத்தம் குறித்து வெள்ளையரிடம் பொதுவாக்கெடுப்பு நடந்தபோது அவர்களின் அணி ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை ஆடிக்கொண்டிருந்தது. ‘இல்லை’ என வாக்களித்தால் அத்தொடர்பு மீண்டும் அறும் என்பது பரப்புரையில் இடம்பெற்ற வாதங்களுள் ஒன்று. 68.7 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்றனர்.

அவ்வாண்டு பார்சிலோனா ஒலிம்பிக்குக்குத் தென்னாப்பிரிக்க அணியை அழைத்துச் சென்றவர் சாம் ராம்சாமி. டர்பனில் பிறந்து, இலண்டனில் புலம்பெயர்ந்தவராக இனபேதமற்ற ஒலிம்பிக் குழுவை நடத்தி, தம் நாட்டைப் போட்டிகளிலிருந்து வெளியே நிறுத்தப் பல்லாண்டு உழைத்தவர் அவர். பழைய கொடியும் பழைய நாட்டுப்பண்ணும் இன்றி அவ்வணி அணிவகுத்தது. போட்டிகள் முடிந்து ஒரு வாரத்துக்குள், ஆகஸ்ட் 15 அன்று ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்தில் நியூசிலாந்துடன் ரக்பி ஆட்டம் நடைபெற்றது. பழைய கொடியையும் பண்ணையும் தவிர்த்தல், வன்முறையில் மாண்டோருக்காக அமைதி காத்தல் என்னும் நிபந்தனைகளின்பேரிலேயே ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் அவ்வாட்டத்துக்கு இசைந்திருந்தது. அமைதி காக்க வேண்டிய வேளையில் பார்வையாளர் திரளில் பெரும்பகுதியினர் எழுந்து ‘டீ ஸ்டெம்’ என்னும் பழைய நாட்டுப்பண்ணைப் பாடினர். அடுத்த வாரம் கேப் டவுனில் ஆஸ்திரேலியாவுடன் நடக்கவிருந்த ஆட்டத்துக்கான ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாகக் காங்கிரஸ் எச்சரித்தது. எனினும் அவ்வாட்டம் நடைபெற்றது.